இரண்டு சிறு போல்ட்டா, ஒரு பெரிய நட்டா? பழைய வண்டியின் முன் ஸ்பிராக்கெட்டைப் பூட்டும் முறைகள்

செயின் செட் மாற்றும் நாளில் பல் எண்ணிக்கையைப் பற்றியும் தயாரிப்பாளரைப் பற்றியும் விலையைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டில் அமர்ந்து செயினை இழுக்கும் பற்சக்கரமே முன் ஸ்பிராக்கெட். அது தண்டைவிட்டு நழுவாமல் பிடித்து வைத்திருப்பது எது என்ற பேச்சு, அது ஒரு முறை நழுவிய பிறகுதான் எழுகிறது. நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் இதற்கு இரண்டு முதன்மையான முறைகள் உண்டு. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100, 1994இல் வந்த ஸ்பிளெண்டர் ஆகியவற்றில் இருப்பது இரண்டு சிறிய போல்ட்டுகளால் இறுக்கப்படும் மெல்லிய லாக் பிளேட். யமஹா ஆர்.டி.350ஐ அடிப்படையாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கே தயாரித்த ராஜ்தூத் 350இல் இருப்பது, தண்டின் நுனி மரையில் ஏறும் பெரிய நட்டும், அந்த நட்டின் பக்கவாட்டில் மடித்துவிடப்படும் லாக் வாஷரும். எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வண்டியின் தண்டு எதற்காகக் கடையப்பட்டதோ அதைத்தான் பொருத்த முடியும் என்பதால், அந்தக் கேள்விக்கு நேரடியான பயன் குறைவு. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் எங்கே ஏமாற்றும், எதைக் கூடுதலாகச் சேர்த்தால் நிற்கும் என்பது தெளிவாகிறது.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். என்ஜினின் இழுவிசையை அந்தப் போல்ட்டுகளும் சுமப்பதில்லை, நட்டும் சுமப்பதில்லை. அதைச் சுமப்பவை, ஸ்ப்ளைன் என்று பட்டறையில் சொல்லப்படும், தண்டின் நீளவாக்கில் வெட்டப்பட்ட பற்கள். பூட்டின் வேலை ஸ்பிராக்கெட் வெளிப்பக்கமாக நகர்ந்துவிடாமல் தடுப்பது மட்டுமே. நட்டு முறையில் மட்டும் இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு: ஸ்பிராக்கெட்டைப் பின்னாலுள்ள காலர் என்ற வளையத்தோடு சேர்த்து நெருக்கி, அது ஸ்ப்ளைன் மீது ஆடாமல் வைத்திருப்பது. இரண்டு முறைகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

லாக் பிளேட் எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. தண்டின் ஸ்ப்ளைன்களைக் குறுக்கே அறுத்து வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். பிளேட்டின் உள்விளிம்பிலும் அதே அளவில் பற்கள் உண்டு. பிளேட்டை ஸ்ப்ளைன் வழியாக உள்ளே தள்ளி, பள்ளத்தை அடைந்ததும் அரைப்பல் அளவுக்குத் திருப்பினால், பிளேட்டின் பற்கள் தண்டின் பற்களுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். திரும்பிய அந்த நிலையில்தான் பிளேட்டின் ஓட்டைகளும் ஸ்பிராக்கெட்டின் மரை ஓட்டைகளும் நேர்கோட்டில் வரும். 10 எண் ஸ்பேனர் பிடிக்கும் இரண்டு 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளை முடுக்கினால் வேலை முடிந்தது. பிளேட் ஸ்பிராக்கெட்டோடு சேர்ந்தே சுழல்வதால் போல்ட்டுகளின் மீது விழும் சுமை மிகக் குறைவு. சாலையோரத்தில், கையிலுள்ள பையிலிருக்கும் கருவிகளைக் கொண்டே இதைக் கழற்றிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

நட்டு முறையில் அந்த வசதி கிடையாது. பெரிய பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும், நீளமான கைப்பிடி வேண்டும், தண்டு சுழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். முறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறினாலும், பெரும்பாலும் 60 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான். ஆறு முதல் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. எனவே செயினைக் கழற்றுவதற்கு முன்பாகவே, ஒருவரை வண்டியில் அமர்த்திப் பின் பிரேக்கை அழுத்தச் சொல்லி, கியரை நியூட்ரலில் வைத்துக்கொண்டு நட்டைத் தளர்த்துவதே முறை. அப்போது எதிர்விசை முழுவதும் செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போய்விடும். கியர்ப் பற்கள் மீது விழாது. உளியையும் சுத்தியலையும் எடுப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அடி ஒவ்வொன்றும் அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கில் போய் இறங்குகிறது, நட்டின் முனைகளும் உருண்டுவிடுகின்றன. பிறகு அந்த நட்டில் எந்த ஸ்பேனரும் நிற்காது.

ஆட்டமும் அதன் பொருளும்

சோதிக்கும்போதுதான் இரண்டு முறைகளையும் குழப்பிக்கொள்கிறார்கள். மூடியைக் கழற்றி ஸ்பிராக்கெட்டைக் கையால் பிடித்து ஆட்டினால், லாக் பிளேட் வண்டியில் அது இலேசாக முன்பின் அசையும். அது குறையன்று, தண்டின் நீளவாக்கில் சிறிதளவு தளர்வு இருக்கும்படியாகவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. புது ஸ்பிராக்கெட் போட்டும் ஆடுகிறதே என்று பதறி, பிளேட்டுக்கு அடியில் வாஷர் செருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாஷர் பிளேட்டைப் பள்ளத்தின் ஓரத்தில் நிரந்தரமாக உராயச் செய்து, இரண்டையும் தேய்த்துவிடும். இதற்கு நேர்மாறாக, நட்டு முறை வண்டியில் கையால் உணரக்கூடிய எந்த ஆட்டமும் அபாய அறிகுறியே. நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது காலர் தேய்ந்திருக்கிறது, அல்லது வாஷர் தவறான பக்கத்தில் போடப்பட்டிருக்கிறது. ஸ்ப்ளைனைச் சுற்றிக் குங்குமம் போன்ற செந்தூள் படிந்திருந்தால், இரும்பும் இரும்பும் நெடுநாளாக உரசிக்கொண்டிருந்தன என்று அறியலாம்.

நட்டு ஏன் தளர்கிறது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஸ்பிராக்கெட் ஒரு பக்கம் அழுந்துகிறது. விட்டவுடன் பின்சக்கரம் என்ஜினை இழுக்க, மறுபக்கம் அழுந்துகிறது. நகரப் போக்குவரத்தில் இது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நடக்கும். ஸ்ப்ளைன் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஸ்பிராக்கெட் நூலளவு அசைந்து, நட்டைத் தன்னோடு சேர்த்துச் சிறிது சிறிதாகத் திருப்பப் பார்க்கும். மடித்த வாஷர் இல்லையென்றால் நட்டு ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

கழன்றால் என்ன ஆகும்? நட்டு முறையில் பெரும்பாலும் ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும்: நட்டு வெளியே நகர்ந்து மூடியின் உள்பக்கத்தை உரசி, உலோகம் அறுபடும் ஓசை எழும். லாக் பிளேட் அவ்வளவு தாராளமாக அறிவிப்பதில்லை. இரண்டு போல்ட்டுகளும் விழுந்துவிட்டால், பிளேட் மீண்டும் அரைப்பல் திரும்பி ஸ்ப்ளைனுக்கு நேராக வந்து நழுவிவிடும். அடுத்து ஸ்பிராக்கெட் நழுவும். என் சி.டி.100இல் ஒரு முறை ஒரு போல்ட் மட்டும் விழுந்திருந்தது. செயின் செட் மாற்றிய பட்டறையில் அதை விரல் பலத்தில் முடுக்கிவிட்டு மறந்திருக்கிறார்கள். அடுத்த போல்ட் பாதி கழன்ற நிலையில், செயினுக்கு எண்ணெய் விடக் குனிந்ததால் கண்ணில் பட்டது. ஓடும் வேகத்தில் அது முழுதாகக் கழன்றிருந்தால், செயின் சுருண்டு என்ஜின் கேஸின் சுவரையே உடைத்திருக்கும்.

மடிப்பா, பசையா, வளையமா?

இனிக் கூடுதல் பூட்டுகள். நட்டுக்கு உரிய முதல் துணை லாக் வாஷர்தான். மடித்ததை நிமிர்த்தி மீண்டும் மடித்தால் தகடு அந்த வரியில் விரிசல் விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். விலை ஒரு தேநீருக்கும் பஜ்ஜிக்கும் ஆகும் செலவைத் தாண்டாது. நட்டை முழு அளவுக்கு முடுக்கிய பிறகு, அதன் தட்டையான முகத்தோடு வாஷரின் விளிம்பு ஒட்டி நிற்கும்படி மடிக்க வேண்டும். முனையின் மீது மடிப்பது மடிக்காததற்குச் சமம். இந்தப் பூட்டை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பதற்குக் காரணம் அதன் வலிமையன்று. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதை மூடியைக் கழற்றிய மறுநொடி கண்ணாலேயே பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதுதான்.

மரைப் பசையில் அந்த வெளிப்படைத்தன்மை இல்லை. நீல நிற லாக்டைட் 243 நடுத்தர வலிமை உடையது. சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம், இலேசான எண்ணெய்ப் பிசுக்கையும் பொறுத்துக்கொள்ளும். சிவப்பு நிற 271 மிக வலிமையானது. கழற்ற வேண்டுமானால் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்குச் சூடேற்ற வேண்டியிருக்கும். முன் ஸ்பிராக்கெட்டுக்குச் சில மில்லிமீட்டர் பின்னால் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், இந்த இடத்தில் சிவப்பு ஏன் கூடாது என்பது விளங்கும். நீலப் பசையை லாக் வாஷருக்குப் பதிலாகப் பயன்படுத்துவதையும் நான் ஏற்கவில்லை. அதனோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் லாக் பிளேட்டின் இரண்டு சிறு போல்ட்டுகளுக்கு அதுவே மிகப் பொருத்தமான துணை. அந்த அளவுப் போல்ட்டை மேலும் மேலும் முடுக்கினால் ஸ்பிராக்கெட்டின் மரைதான் அறுபடும்; அளவாக முடுக்கி, ஒரு துளி பசை விட்டு, முழுதாக இறுக ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் போதும். மரையைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தாமல் பசை விடுவது மட்டும் வீண் வேலை.

மூன்றாவது முறையாகிய சர்க்கிளிப் சில இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் உண்டு. தண்டின் பள்ளத்தில் ஒரு வளையம், அவ்வளவே. விரைவில் மாற்றலாம், எடை குறைவு. வளையத்தின் கூர்மையான விளிம்பு வெளிப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும், பழைய வளையத்தை மீண்டும் போடக்கூடாது என்பவற்றைத் தவிர இதில் பேசுவதற்கு அதிகமில்லை.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் இந்த ஒப்பீட்டுக்குள் நேராக அடங்காது. அதில் முன் ஸ்பிராக்கெட், கிளட்சுக்கும் பிரைமரி செயினுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆயிலை வடித்து, பிரைமரி மூடியைத் திறந்து, கிளட்சைக் கழற்றிய பிறகுதான் அதன் முகமே தெரியும். அத்தனை தொலைவு போனவர்கள் பூட்டையும் சீலையும் சேர்த்துப் புதுப்பிக்காமல் திரும்புவது, கிணறு வெட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்காமல் வருவதைப் போன்றது.

தண்டே தேய்ந்திருந்தால்

இதுவரை சொன்னவை எல்லாம் ஸ்ப்ளைன் நல்ல நிலையில் இருப்பதாகக் கொண்டு சொன்னவை. பழைய வண்டிகளில் அப்படி இருப்பதில்லை. பின்னால் 42 பல்லும் முன்னால் 14 பல்லும் உள்ள வண்டியில், பின் பல் ஒன்று செயினை ஒரு முறை சந்திக்கும்போது முன் பல் மூன்று முறை சந்திக்கிறது. எனவே முன் ஸ்பிராக்கெட்தான் முதலில் தேய்கிறது. அதை மட்டும் மாற்றிப் பழைய, நீண்டுபோன செயினோடு ஓட்டினால் புதிய பல்லும் விரைவில் போய்விடும், ஒவ்வொரு குலுக்கலும் ஸ்ப்ளைனில் இறங்கும். லாக் பிளேட் முறைக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. ஸ்பிராக்கெட் இயல்பாகவே அசைய விடப்பட்டிருப்பதால், மெல்லிய ஸ்பிராக்கெட் உட்காரும் அந்தக் குறுகிய இடத்தில் மட்டும் தண்டு குடைந்து போகும். ஹோண்டாவின் டிரான்சால்ப், டாமினேட்டர் போன்ற பெரிய வண்டிகள் இந்தக் குறைக்காகவே உலகெங்கும் அறியப்பட்டவை. நம் 100 சிசி வண்டிகளில் விசை குறைவு என்பதால் அது மெதுவாக வருகிறது.

தேய்மானம் சிறிதென்றால், தண்டின் மீது அமரும் குழாய்ப் பகுதி சற்று அகலமாக உள்ள ஸ்பிராக்கெட்டைத் தேடுவது முதல் வழி. அது தண்டின் தேயாத பகுதியையும் பற்றிக்கொள்ளும். செயின் நேர்கோடு மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்க்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடும்போது பழைய ஸ்பிராக்கெட்டையும் லாக் பிளேட்டையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. பிளேட்டின் உள்பற்கள் கத்திபோலக் கூர்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இரண்டாவது வழி, 0.5 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியை நிரப்பக்கூடிய லாக்டைட் 660 போன்ற நிரப்புப் பசை. இது ஆட்டத்தை அடக்கும், ஆனால் அடுத்த முறை கழற்ற வெப்பம் வேண்டும்; சீலைப் பலி கொடுக்கத் தயாராக இருந்தால் இதைச் செய்யலாம்.

வெல்டு வைத்துவிடலாம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. மலிவானது, அரை மணி நேரத்தில் முடியும், வண்டி அன்றே ஓடும். ஆனால் தண்டின் கடினப்படுத்தப்பட்ட மேற்பரப்பு அந்த வெப்பத்தில் தன் தன்மையை இழக்கிறது, சீல் கருகுகிறது, எர்த் கவ்வியைத் தவறான இடத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழுகிறது, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியும் போகக்கூடும். அடுத்த ஸ்பிராக்கெட்டை மாற்ற வேண்டுமானால் பழையதை அறுத்தெடுக்க வேண்டும். விற்றுவிடப் போகிற வண்டிக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குகிறவர் தலையில் அது விடியும்.

மிச்சமிருப்பது என்ஜினைப் பிளந்து தண்டையே மாற்றுவது. சி.டி.100, ஸ்பிளெண்டர் வகைகளுக்குத் தண்டு எளிதாகக் கிடைப்பதால், கிராங்க், பேரிங் வேலைக்காக என்ஜினை எப்படியும் பிளக்கும் நாள் வரை ஒரு நல்ல ஸ்பிராக்கெட்டையும் புதுப் பிளேட்டையும் கொண்டு ஓட்டி, அன்றைக்கு இதையும் சேர்த்து மாற்றிக்கொள்வேன். ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தாராளம் இல்லை. நல்ல தண்டு கண்ணில் பட்ட அன்றே வாங்கி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை புது லாக் வாஷர், சரியான அளவுக்கு முடுக்கிய நட்டு, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மூடியைக் கழற்றி மடிப்பு அசையாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை.