படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்வது யார்? ஏஜென்சி, ஊர்ப்பெண், முதியோர் இல்லம் – ஓர் ஒப்பீடு

கோவையிலோ ஈரோட்டிலோ அறுவை சிகிச்சை முடிந்து, "வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லும் நாளில்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி முதன்முறையாக எழுகிறது. எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) 84 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் எழுந்தது. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பெரிய மாமாவும் அத்தையும் மட்டுமே இருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் வழியாக ஆள் வைப்பது, ஊரிலேயே தெரிந்த பெண் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, கோவைப் புறநகரில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது ஆகிய மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. முதல் இரண்டையும் வாழ்ந்து பார்த்தோம். மூன்றாவதை நேரில் சென்று விசாரித்தோம்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு. எல்லாவற்றையும் வீட்டு மருமகளே பார்த்துக்கொள்வது என்ற அந்த வழியைச் செலவில்லாதது என்று நம் குடும்பங்கள் கணக்கிடுகின்றன. விடியற்காலையில் பால் கறந்து, ஆள்களுக்குச் சோறாக்கி, பகலெல்லாம் பண்ணையம் பார்க்கும் ஒரு பெண் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து எழுபது கிலோ உடலைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. எங்கள் அத்தைக்கு மூன்றே வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அந்த வழியை நான் சேர்க்கவில்லை.

முதலில் திறமையைப் பார்க்கலாம், ஏனெனில் குழப்பம் அதிகம் உள்ள இடம் இதுதான். நிறுவனங்கள் அனுப்பும் ஆள்களில் இரு வகையினர் உண்டு. ஒருவர், மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்த செவிலியர். மற்றவர், குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளர். பேச்சில் இருவரையுமே 'ஹோம் நர்ஸ்' என்றே அழைக்கிறோம். உணவுக்கான மூக்குக் குழாயைச் செருகுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவை செவிலியரின் வேலைகள். குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, வாக்கர் பிடித்து நடக்கவைப்பது ஆகியவற்றை உதவியாளர் செய்யலாம். மூக்குக் குழாய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால் இந்த எல்லைக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. நாங்கள் முதலில் அணுகிய ஒரு நிறுவனம் செவிலியருக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு உதவியாளரை அனுப்பியது. பதிவு எண்ணைக் கேட்ட பிறகே உண்மை தெரிந்தது. அந்த எண்ணை முதல் நாளே கேட்டுச் சரிபார்ப்பது நம் உரிமை.

படித்த செவிலியர் ஒருவர் வீட்டுக்குள் இருப்பதால் விளையும் பயன், பெரும்பாலும் நடக்காமல் போகும் தீமைகளில்தான் தெரிகிறது. அம்மிச்சிக்கு வந்த செவிலியர் முதல் நாளிலேயே வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இடங்களை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தி எடுத்த பிறகும் நிறமாற்றம் மறையாமல் இருந்தால், தோல் கிழிவதற்கு முன்பே படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதால், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும். குழாய் வழியே உணவு கொடுக்கும் நோயாளிக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் சிறிது நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இவை எளிய காரியங்கள்தான், ஆனால் சொல்லித் தராத வீட்டில் யாரும் செய்வதில்லை.

ஊர்ப்பெண்ணின் திறமை வேறு வகையானது. அவர் கூழைக் கரைக்கும் பதம் நோயாளியின் நாக்குக்குத் தெரிந்த பதம். எங்கள் அம்மிச்சி இரவில் "கட்டுத்தரைக்குப் போகோணும்" என்று சொல்வார். கட்டுத்தரை என்பது மாடு கட்டும் இடம். வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த செவிலியர், மாட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொல்லிப் படுக்க வைத்துவிட்டார், படுக்கை நனைந்தது. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத காலத்தில் கட்டுத்தரைக்குப் பின்புறம் போய் வந்த பழக்கத்திலிருந்து வந்த சொல் அது என்பது பிறகு வந்த ஊர்ப்பெண்ணுக்கு உடனே புரிந்தது. நினைவு மங்கியவர்களையும், பக்கவாதத்தால் பேச்சு குழறியவர்களையும் பார்த்துக்கொள்வதில் இந்தப் புரிதலுக்கு ஈடு இல்லை.

அடுத்தது, ஆள் வராத நாளில் என்ன நடக்கிறது என்ற கேள்வி. ஊர்ப்பெண்ணுக்கு மாரியம்மன் நோம்பி உண்டு, சொந்தத்தில் கல்யாணம் உண்டு, நூறு நாள் வேலை உண்டு. அவர் நின்றுவிட்டால் மாற்று ஆள் கிடையாது. மாற்று ஆளை அனுப்புவதுதான் நிறுவனத்தின் முதன்மையான பலன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கோவை நகருக்குள் அது பெரும்பாலும் உண்மை. நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் இட்டேரியில் (வேலிகளுக்கு இடைப்பட்ட மண்பாதையில்) நடக்க வேண்டிய தோட்டத்து வீட்டுக்கு அந்த உறுதிமொழி அப்படியே பொருந்துவதில்லை. எங்களுக்கு மாற்று ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையும் அங்கே நடைமுறைக்கு ஒத்துவராது, கடைசிப் பேருந்து போன பிறகு பணி முடித்த பெண் எங்கே போவார்? ஆகவே தோட்டங்களில் தங்கிப் பார்க்கும் ஆளைத்தான் அமர்த்த வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 24 மணி நேர ஆள் என்பதற்கு 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஆள் என்று பொருளில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய நோயாளியை ஒரே ஆளால் இரவும் பகலும் பார்க்க முடியாது; இரண்டாம் ஆள் வைக்க வேண்டும், அல்லது இரவின் ஒரு பகுதியைக் குடும்பத்தார் ஏற்க வேண்டும். அவர் படுக்கத் தனி இடமும், தாழிடக்கூடிய குளியலறையும், நாம் உண்ணும் அதே சோறும் தராத வீட்டில் எந்த நல்ல செவிலியரும் நிலைத்ததை நான் பார்த்ததில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்துக்குத் தரும் தொகை எப்போதும் ஊர்ச் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பதிவுக் கட்டணமும் முன்பணமும் தனி. அதில் எவ்வளவு அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று கேளுங்கள், பாதியில் நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் அந்தத் தொகை குறைவாக இருப்பவர்களே.

வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெருகியிருக்கும் முதியோர் குடியிருப்புகளையும் இல்லங்களையும் நான் ஒதுக்கவில்லை. பிள்ளைகள் யாருமே மாவட்டத்தில் இல்லாதவர்களுக்கும், வீட்டை விட்டு இறங்கி நடந்துவிடும் அளவுக்கு நினைவு தவறியவர்களுக்கும் அவையே பாதுகாப்பானவை. ஆனால், தாமே எழுந்து நடமாடக்கூடியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் அவற்றில் உண்டு என்பதால், படுக்கையானால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பதிவு பெற்ற இல்லமா என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். எங்கள் அம்மிச்சியோ, ஆசாரத்தில் (வீட்டின் முன்கூடத்தில்) கட்டிலைப் போட்டு வாசலைப் பார்த்தபடி படுக்க வேண்டும் என்றார். அந்த விருப்பத்துக்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டியது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதன்மூலம் கட்டணமின்றி வீட்டுக்கே வருகின்றன. கூடவே தங்கிப் பார்க்கும் பணி அதில் இல்லை. ஆனால் அம்மிச்சியை வாக்கரில் நிற்க வைத்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வரவழைத்த இயன்முறை மருத்துவர்தான்.

இந்த வழிகளுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதைவிடக் காலவரிசைப்படி மாற்றுவது நல்லது என்பது என் முடிவு. காயமும் குழாயும் இருக்கும் முதல் ஆறு வாரங்களுக்கு, கடன் வாங்கியேனும் படித்த செவிலியரை வையுங்கள். குழாய் எடுக்கப்பட்டுப் புண் ஆறிய பிறகு ஊர்ப்பெண்ணிடம் ஒப்படையுங்கள். செவிலியர் போன மறுநாள் ஊர்ப்பெண் வருவதாக ஏற்பாடு செய்யாமல், நான்கு நாளாவது இருவரும் சேர்ந்திருக்கும்படி செய்யுங்கள். எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் செவிலியர் செய்ய, ஊர்ப்பெண் பார்த்தார். மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து செய்தார்கள். நான்காம் நாள் செவிலியர் கையைக் கட்டிக்கொண்டு திண்ணையோரம் நிற்க, ஊர்ப்பெண்ணே அம்மிச்சியைப் புரட்டி, முதுகைத் தொட்டுப் பார்த்து, நேரத்தை நோட்டில் எழுதினார். கட்டுத்தரை என்றால் என்ன பொருள் என்பதையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் செவிலியர் தம் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போனார்.