மலையில் வி.எஃப்.டி. டிரைவ்: சில வருடம் ஓட்டிய பிறகு

கோத்தகிரி பக்கம் புதிதாகக் கேரட் கழுவும் மிஷின் போடும் தம்பி ஒருவர், "டிரைவ் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா அண்ணா?" என்று கேட்டார். கேத்தி பாலாடாவில் எங்கள் 10 எச்.பி. பம்பில் சில வருடங்களாக அது ஓடுகிறது. வி.எஃப்.டி. என்பது மோட்டாருக்குப் போகும் கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி.

முதலில் என் கோபம். விற்க வந்தவர், வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும் என்றார். கணக்கு சரிதான், மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இறங்கும் என்பது விதி (0.8 × 0.8 × 0.8, ஏறக்குறைய பாதி). ஆனால் பைப்பின் உராய்வை மட்டும் பம்ப் சமாளிக்கும் இடத்துக்குத்தான் அது முழுசாகப் பொருந்தும். எங்களுக்குப் பள்ளத்துக் கிணற்றிலிருந்து ரோட்டோரக் கேரட் கழுவும் டிரம்முக்கு 70 மீட்டர் நேர் ஏற்றம். 1000 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க 0.19 யூனிட் ஆகியே தீரும், எந்த டிரைவாலும் அதைக் குறைக்க முடியாது. வால்வை மூடி ஓட்டினால் எங்கள் பம்ப் தருவது 95 மீட்டர் உயரம் வரை தண்ணீரைத் தள்ளும் அழுத்தம். வேகம் குறைந்தால் அழுத்தம் இருமடி விதிப்படி இறங்கும். வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து 43-க்குக் கீழே வந்தால் மோட்டார் சுற்றும், மேலே சொட்டுத் தண்ணீர் வராது. மலையில் விற்பவர் இதைச் சொல்லாமல் விற்பது அநியாயம்.

பில்லை உண்மையில் இறக்கியது பைப். 2 அங்குலத்தை 2½ ஆக்கினோம். அதே தண்ணீருக்கு உராய்வு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்புறம்தான் டிரைவுக்கு வேலை கிடைத்தது: பாதி மூடியே கிடந்த வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் இறக்கினோம். எப்போதும் ஒரே அளவு தண்ணீர் போதுமென்றால் இதற்கு டிரைவே வேண்டாம், இம்பெல்லரை (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) லேத்தில் கடைந்து விட்டத்தைக் குறைத்தாலே போதும்.

இன்னொன்று, கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் டிரைவ் சரியாகக் குளிராது. பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதத் திறனைக் கழிக்கச் சொல்வார்கள். நம் உயரத்துக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். பனிமூட்ட நாட்களில் பேனலுக்குள் ஈரம் கோத்து டிரிப் ஆகும், உள்ளே சின்ன ஹீட்டர் கட்டாயம்.

இவ்வளவு திட்டியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஸ்விட்சை அணைத்ததும் ஏற்றத்திலிருந்த தண்ணீர் திரும்பி வந்து நான்-ரிட்டர்ன் வால்வில் (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) மோதும், பைப் மொத்தமும் அதிரும், ஜாயின்ட் ஒழுகும். டிரைவ் மெல்ல மெல்ல நிறுத்துவதால் அந்த அடி இல்லை. கரண்ட் திடீரென்று போனால் மட்டும் டிரைவால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு ஸ்பிரிங் வைத்த வால்வு போட்டிருக்கிறோம்.

கரண்ட் பில்லுக்காக என்றால் வாங்காதீர்கள் தம்பி, அந்தக் காசைப் பைப்பில் போடுங்கள். என்னுடையதைக் கழற்றச் சொன்னால் மட்டும் கழற்ற மாட்டேன்.