சுருட்டுப் பெட்டிக்குள் சார்லி பூல்

பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரும் பாஞ்சோ வாசிப்பவருமான சார்லி பூலின் பாட்டுகளை வைத்து கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'யூ ஐன்ட் டாக்கின் டு மீ' தொகுப்பை, ஊருக்கு வந்த மருமகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தான். மூன்று சிடி, கூடவே ஒரு புத்தகம், எல்லாம் சுருட்டுப் பெட்டி மாதிரி செய்த டப்பாவுக்குள். மேலே கார்ட்டூன் ஓவியர் ராபர்ட் கிரம் வரைந்த படம்.

நானும் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மில் வேலை பார்த்தவன்தான். அங்கே இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக் கல்யாண வீடுகளில் மாண்டலினும் வாசித்திருக்கிறேன். அதனால் பூலின் கதையை விட முடியவில்லை. 1892இல் வட கரோலைனாவில் பிறந்தவர், பஞ்சாலைத் தொழிலாளி. கையுறை இல்லாமல் பேஸ்பால் பிடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி வலது கையை உடைத்துக்கொண்டார். விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. அந்தக் கையால்தான் இந்த பாஞ்சோ, வட்டத் தோல் முகம் வைத்த தந்தி வாத்தியம்! தந்திகளை மொத்தமாக அடித்து இழுப்பதில்லை, மூன்று விரலால் ஒவ்வொரு சுரமாகக் கிள்ளி எடுக்கிறார். பிடில் மெட்டைப் பிடித்துக்கொண்டு போக, கிதார் கீழ்ச் சுரங்களில் இறங்கி வரும்; இரண்டுக்கும் நடுவே பாஞ்சோ துளித்துளியாகக் கேட்கும். பூல் கொஞ்சம் மூக்கால் பாடுவார். எனக்கு அதுவும் பிடித்தது.

1925 ஜூலையில் பூலும், பிடிலுடன் அவர் மைத்துனர் போசி ரோரரும், கிதாருடன் நார்மன் உட்லீஃபும் நியூயார்க் போய்ப் பதிவு செய்தார்கள். மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 75 டாலர். முதல் இசைத்தட்டு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பூலுக்கு முன்னால் மற்றவர்கள் பாடி வைத்த பதிவுகளையும் சேர்த்திருப்பதுதான் இந்தத் தொகுப்பின் சிறப்பு. நாடக மேடைப் பாட்டு ஒன்றை அவர் எப்படிச் சுருக்கி, வேகம் கூட்டி, தனதாக்கிக்கொண்டார் என்று காதாலேயே பிடித்துவிடலாம். ஆனால் அதற்கு டப்பாவைத் திறந்து சிடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எரிச்சல்தான்.

ஹாலிவுட் படத்தில் வாசிக்க அழைப்பு வந்த சந்தோஷத்தில் வாரக்கணக்காகக் குடித்து, 1931 மே மாதம் 39 வயதில் பூல் கண்ணை மூடினார். பலர் இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சம்பள நாள் இரவுகளில் எங்கள் தெருவில் இருந்திருந்தால் சிரிக்க மாட்டார்கள்.

பழைய தட்டுகளின் கரகரப்பு இருக்கிறது, ஆனாலும் பாஞ்சோ தெளிவு. வாங்குகிறவர்கள் முதல் சிடியிலேயே தொடங்குங்கள், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.