தகிடவா, வன்-ட்ரிப்-லெட்டா? மூன்றை எண்ணும் வழிகள்

என் மருமகள் ஒரே ஒரு பாரில் (இசைத் தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டில்) ஒரு கிழமையாகச் சிக்கிக்கொண்டு நின்றாள். கிரேட் பரீட்சைக்கான பியானோப் பாட்டு. இடக்கை இரண்டு குரொட்செட் (ஒரு பீட் நீள நோட்) அடிக்கிறது. அதே நேரத்துக்குள் வலக்கை மூன்று அடிக்கவேண்டும். மூன்று நோட்டுக்கும் மேலே ஒரு அடைப்பு, நடுவில் 3 என்ற எண். "மாமா, ஒவ்வொரு கையா வாசிச்சா வருகுது, சேர்த்தா சரிவருகுதில்லை" என்றாள். நான் கலியாண வீடுகளிலும் தேவாலயத்திலும் ட்ரம்ஸ் வாசிப்பவன். சிறுவயதில் கொஞ்சக் காலம் மிருதங்கமும் படித்தேன். அதனால் இந்த மூன்றை எண்ண எனக்கு இரண்டு உலகத்து வழிகளும் தெரியும். எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்று அவளுக்காக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இரண்டு நோட்டுக்கு உரிய நேரத்தில் மூன்று நோட்டைச் சமமாக வைப்பதுதான் ட்ரிப்லெட். நிமிடத்துக்கு 60 பீட் என்றால் ஒரு பீட் ஒரு செக்கன். குவேவர் (அரை பீட் நோட்) ட்ரிப்லெட் என்றால் அந்த ஒரு செக்கனுக்குள் மூன்று நோட். இது பெரிய கரைச்சல் இல்லை, அடுத்த பீட் உடனே வந்து கைகொடுக்கும். குரொட்செட் ட்ரிப்லெட்தான் ஆளை விழுத்தும். இரண்டு செக்கனுக்குள் மூன்று நோட். முதலாவது மட்டும் பீட்டோடு சேர்ந்து விழும், மற்ற இரண்டும் பீட்டுக்கு முன்னும் பின்னும் அந்தரத்தில் நிற்கும்.

மியூசிக் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது எண் வழி. "வன்-ட்ரிப்-லெட், டூ-ட்ரிப்-லெட்" என்று வாயால் சொல்லி வாசிப்பது. இதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: பாரில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியும். நாலு பீட் உள்ள பாரில் மூன்றாவது பீட்டில் மட்டும் ட்ரிப்லெட் வந்தால் "வன், டூ, த்ரீ-ட்ரிப்-லெட், ஃபோர்" என்று எண்ணிக்கொண்டே போகலாம், தொலைய மாட்டோம். தாளைப் பார்த்து வாசிப்பவருக்கு இது கட்டாயம் வேண்டும். ஆனால் நம் வாய்க்கு இது பாரமான சொல். "வன்", "ட்ரிப்", "லெட்" என்று மூன்றுமே மெய்யெழுத்தில் போய் மூடுகின்றன. வேகம் கூடினால் நாக்கு "ட்ரிப்"பில் தடக்குப்பட்டு இரண்டாவது நோட் பிந்திவிடும். மருமகள் எண்ணியதைப் போனில் பதிந்து கேட்டோம். விரல் பிசகவில்லை, வாய்தான் முதலில் பிசகியது.

மிருதங்கத்தில் மூன்றுக்குச் சொல்லும் தகிட அப்படி இல்லை. த, கி, ட: மூன்றும் குறில். குறிலுக்கு ஒரு மாத்திரை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமே இங்கே தாளமாகி நிற்கிறது. 1, 1, 1. மூடும் மெய் இல்லை, நாக்குத் தடக்குப்படாது. எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் மூன்றும் சமமாக உருளும். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) சொல்பவர்கள் அந்த வேகத்தைத் தொடுவதற்கு சொற்களின் இந்த அமைப்பும் ஒரு காரணம். தாளக்கருவி தொடாதவர்களுக்கும் இது வேலை செய்யும் என்பதை திருகோணமலை டச்சு பே கடற்கரையில் பார்த்தேன். பின்னேரம் அங்கே நடக்கப் போனபோது மருமகளை "கச்சான், கச்சான்" என்று ஒரு காலடிக்கு ஒருமுறை சொல்லச் சொன்னேன். சொல்லிப் பார்த்துவிட்டு, "இது மூன்று இல்லையே மாமா" என்றாள். உண்மைதான். க ஒன்று, ச் அரை, சா இரண்டு, ன் அரை. மொத்தம் நாலு மாத்திரை. அப்புறம் "கடலை" சொல்லச் சொன்னேன். க, ட, லை. கடைசியில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகும், ஆகவே சரியாக மூன்று. ஒரு காலடிக்கு ஒரு கடலை. கடற்கரை மணலில் நூறு அடி நடப்பதற்குள் அவள் குவேவர் ட்ரிப்லெட் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், பியானோ இல்லாமலே.

ஆனால் தகிடவிலும் ஒரு குழி இருக்கிறது. மிருதங்கம் படிக்கிற பிள்ளைகளே இதில் விழுவதைக் கண்டிருக்கிறேன். சதுஸ்ர நடையில் ஒரு பீட்டுக்கு நாலு எழுத்து: தகதிமி. திஸ்ர நடையில் ஒரு பீட்டுக்கு மூன்று: தகிட. நடை மாறும்போது பீட் அசையக்கூடாது, எழுத்தின் வேகம்தான் மாறவேண்டும். 60 வேகத்தில் தகதிமியின் ஒவ்வொரு எழுத்தும் கால் செக்கன். தகிடவில் மூன்றில் ஒரு செக்கன். அதாவது எழுத்து கொஞ்சம் ஆறவேண்டும். பழக்கமில்லாத வாய் ஆறாது. பழைய கால் செக்கன் வேகத்திலேயே தகிட சொல்லி, கையைச் சீக்கிரம் தட்டிவிடும். அல்லது, இரண்டு பீட்டுக்குரிய எட்டு எழுத்தில் "தகிட தகிட தக" என்று போட்டுவிட்டு அதையே குரொட்செட் ட்ரிப்லெட் என்று நம்பும். இது மூன்று-மூன்று-இரண்டு. காதுக்கு ட்ரிப்லெட் போலவே கேட்கும், ஆனால் அது இல்லை. 60 வேகத்தில் உண்மையான ட்ரிப்லெட்டின் இரண்டாவது நோட் 0.67 செக்கனில் விழும், மூன்றாவது 1.33இல். மூன்று-மூன்று-இரண்டில் அவை 0.75இலும் 1.5இலும் விழும். கடைசி நோட்டின் பிசகு செக்கனில் ஆறில் ஒரு பங்கு. பரீட்சை எடுப்பவருக்கு இது நிச்சயமாகக் கேட்கும். மருமகளும் அந்த ஒரு கிழமை முழுக்க இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மருந்து சுலபம்: கை பீட்டைத் தட்டிக்கொண்டிருக்க, ஒரு பீட் தகதிமி, அடுத்த பீட் தகிட, மாறி மாறி. கை நடுங்காமல் வரும்வரை பியானோவைத் தொடவே வேண்டாம்.

மெட்ரோனோம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேல்செல் என்பவர் 1815இல் காப்புரிமை பெற்ற, பீட்டைத் தட்டிக்காட்டும் மரப்பெட்டி இப்போது போனில் இலவச ஆப். அதில் ஒரு பீட்டை மூன்றாகப் பிரித்து ஒலிக்கவிடும் வசதி இருக்கிறது. பிள்ளைகள் அதைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடுவார்கள். நிறுத்தினால் அவர்களும் நின்றுவிடுவார்கள். மெட்ரோனோம் சோதிப்பதற்கு நல்லது, கற்பதற்கு அல்ல என்பது என் எண்ணம். 60இல் பழகிய பாரை 30இல் வைத்து, இரண்டு பீட்டுக்கு ஒரு ஒலி மட்டும் கேட்கும்படி வாசித்துப் பாருங்கள். அந்த நீண்ட இடைவெளியைத் தாண்டி அடுத்த ஒலியில் சரியாகப் போய் இறங்கினால் ட்ரிப்லெட் உங்களுடையது.

இனி இரண்டு கையும் சேரும் இடம். வழி ஒன்று, ஆறு கட்டம். "தகிட தகிட" என்று ஆறு எழுத்து. இடக்கை ஒவ்வொரு "த"விலும். வலக்கை ஒன்றுவிட்டு ஒன்றில், அதாவது முதல் த, பிறகு ட, பிறகு இரண்டாவது கி. கொப்பித் தாளில் ஆறு கட்டம் கீறி மேலே மூன்று புள்ளி, கீழே இரண்டு புள்ளி வைத்தால் ஒரு பார்வையில் விளங்கும். சரியான வழி, ஆனால் மெதுவானது. ஆறையும் எண்ணிக்கொண்டு பாட்டு வாசிக்க முடியாது.

வழி இரண்டு, இரண்டு கையும் சேர்ந்து வரும் ஓசைக்கு ஒரு சொல். ஆங்கில ஆசிரியர்கள் "நைஸ் கப் ஒஃப் டீ" என்று சொல்லிக்கொடுப்பார்கள். மருமகளின் டீச்சரும் அதைத்தான் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, நம் வாயில் "கப்"பும் "ஒஃப்"பும் மூடிக்கொள்கின்றன. கட்டத்தை மறுபடி பார்த்தேன். சத்தம் வரும் இடங்கள் ஒன்று, மூன்று, நாலு, ஐந்து. இடைவெளிகள் இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. நெடில், குறில், குறில், நெடில். ஊர்ப் பெயரே வந்து நின்றது: கோணமலை. "கோ" இரு கையும், "ண" வலக்கை, "ம" இடக்கை, "லை" வலக்கை. கடலையில் குறுகிய லையை இங்கே பாட்டில் இழுப்பதுபோல் முழு இரண்டு மாத்திரைக்கு நீட்டவேண்டும், அவ்வளவுதான். தொடையில் தட்டிக்கொண்டு கோணமலை, கோணமலை என்று சொன்னாள். பத்து நிமிடத்தில் கைகள் பிடித்துக்கொண்டன.

அதற்காக இதை முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன். சொல் வழியில் பழகினால் இரண்டு கையும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். வலக்கையின் மூன்று நோட்டும் ஒரு ராகமாகப் பாடாமல் "கோணமலை" என்று தட்டுவதுபோலவே கேட்கும். ஆகவே கை பழகியதும் இடக்கையை மெல்லக் குறைத்து, வலக்கையை மட்டும் வாயால் பாடிக்கொண்டு வாசிக்கவேண்டும்.

இந்த மூன்றுக்கு இரண்டு நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் இலங்கை ஆட்டப்பாட்டான பைலா ஆறு-எட்டுத் தாளம், ஒரு பாருக்கு ஆறு குவேவர். அதே ஆறை ஒரு காது இரண்டு மூன்றாகவும் இன்னொரு காது மூன்று இரண்டாகவும் கேட்கும். கலியாண வீட்டில் நான் பைலா வாசிக்கும்போது பெரியம்மாமார் இரண்டாகக் கைதட்டுவார்கள், பொடியன்கள் மூன்றாகத் தோளை ஆட்டுவார்கள், ஒருவரும் பிசகுவதில்லை. கும்மியும் காவடிச் சிந்தும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் திஸ்ரம் உடம்பிலேயே இருக்கிறது. தாளில் 3 என்ற எண்ணைக் கண்டதும் மட்டும் ஏன் பயப்படுகிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஆக, என்னைக் கேட்டால் வாயிலிருந்து தொடங்குங்கள்: தகிட அல்லது கடலை, நடந்துகொண்டே. பிறகு தகதிமியோடு மாற்றி மாற்றி. இரண்டு கைக்குக் கோணமலை. தாளைத் திறக்கும்போது எண் வழி. மெட்ரோனோம் கடைசியில். நேரே மிருதங்கமோ தவிலோ படிப்பவருக்கு எண் வழி தேவையில்லை, கையில் போடும் தாளமே இடத்தைக் காட்டிவிடும்: ஆதி தாளத்தில் தட்டும் விரலும் வீச்சும் எட்டு எண்ணிக்கையையும் சொல்லும். பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருப்பதால்தான் எண்களைத் தலைக்குள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மருமகள் அந்தப் பாரைத் தாண்டிவிட்டாள். இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று இருக்கிறது: ட்ரிப்லெட்டின் முதல் நோட் ஓய்வு, சத்தம் இரண்டாவதில்தான் தொடங்குகிறது. தகிடவில் "த"வை மூச்சுக்குள் விழுங்கி "கிட"வை மட்டும் வெளியே விடச் சொல்லியிருக்கிறேன். நேற்றிரவு போனில் பதிந்து அனுப்பினாள். மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது.