நாய்க்கு கார் ஹார்னஸ் வாங்கப் போறவங்களுக்கு: ஸ்லீப்பிபாட் கிளிக்கிட் டெரெய்ன் பத்தி என் கருத்து

நாய்ங்களை அவுத்து ஓட விடற டாக் ரன் போற நேரமெல்லாம் யாராவது ஒருத்தர் எங்க நாய் மல்லி கார்ல போக உடம்பைச் சுத்திப் போட்டிருக்கிற ஹார்னஸைப் பாத்துட்டு இது என்ன பிராண்ட், எங்க வாங்குனீங்க, இவ்ளோ காசு குடுத்து வாங்கணுமான்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்றதுக்குள்ள அவங்க நாய் ஒரு பக்கம் எங்க நாய் ஒரு பக்கம் இழுக்குது, அதனால இங்க விவரமா எழுதிடறேன். பேரு ஸ்லீப்பிபாட் கிளிக்கிட் டெரெய்ன். அமெரிக்க கம்பெனி. நம்ம சிங்கப்பூர் காசுல 100 வெள்ளிக்கு மேல ஆகும். என்னைக் கேட்டா வாங்கலாம், நல்லாவே வாங்கலாம், ஆனா எதுக்கு வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும், இல்லன்னா பத்துப் பதினஞ்சு வெள்ளி பெல்ட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு தோணிக்கிட்டே இருக்கும்.

மல்லி சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது இந்த ஊர்க் கலப்பு நாய், தத்தெடுத்து வந்தவ, இந்த மாதிரி நாயை அரசாங்க அடுக்குமாடி வீட்ல (வீவக) வளக்க விடற அடோர் திட்டத்துல வளக்கறோம், எடை 17 கிலோ. எம்ஆர்டிலயும் பஸ்லயும் வழிகாட்டி நாய் தவிர வேற நாயை ஏத்த முடியாது, அதனால நாய் டாக்டர் கிட்ட போறதுன்னாலும் சரி, ஞாயித்துக்கிழமை பீஷான் அங் மோ கியோ பார்க் போறதுன்னாலும் சரி, கார்தான் ஒரே வழி. அண்ணன் கார்ல போவோம், இல்லன்னா நாயையும் ஏத்திக்கற வாடகைக் கார், கிராப்பெட் எடுப்போம்.

முதல்ல அந்த மலிவு பெல்ட் விஷயத்தைப் பேசிடலாம். எந்த பெட் ஷாப் போனாலும் தொங்கும், ஒரு முனையில சீட் பெல்ட் பக்கிள்ல சொருகற மாதிரி ஒரு நாக்கு, இன்னொரு முனையில ஒரு கொக்கி, நடுவுல அரை கை நீளத்துக்கு நைலான் பட்டை, சிலதுல இழுத்தா நீளுற ரப்பர் வேற வச்சிருப்பாங்க. கையில எடுத்து அந்தக் கொக்கியைப் பாருங்க, சாவிக் கொத்துல இருக்குமே அந்த மாதிரி மெல்லிசா இருக்கும், பட்டையை மடிச்சுத் தைச்ச இடத்துல ரெண்டு வரி தையல்தான். நாய் முன் சீட்டுக்குத் தாவாம இருக்க, டிரைவர் மடியில ஏறாம இருக்க இது போதும், அந்த அளவுக்கு இதுக்கு உபயோகம் உண்டு, அதை நான் மறுக்கல. ஆனா இது பிடிச்சு வைக்கிற சாமான், காப்பாத்துற சாமான் இல்ல. அட்டையில கார் படம் போட்டு சேஃப்டி பெல்ட்டுன்னு அச்சடிச்சிருந்தாலும் அதேதான். இதைக் கழுத்துப் பட்டையில மாட்டறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது, தயவுசெஞ்சு மாட்டாதீங்க, கார் சடன் பிரேக் போட்டா நாயோட மொத்த எடையும் தொண்டையிலயும் கழுத்தெலும்புலயும்தான் விழும்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா கணக்கு அப்படி. மணிக்கு 50 கிலோமீட்டர்ல போற கார் எதுலயாவது மோதி நிக்குதுன்னா உள்ள கட்டாம இருக்கிற எதுவும் நிக்காது, அதே வேகத்துல முன்னாடி போகும். அந்த வேகம் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்துலேர்ந்து விழற வேகம், நம்ம புளோக்ல நாலாவது மாடி காரிடார்லேர்ந்து தரைக்கு விழற மாதிரி வச்சுக்கோங்க. விரைவுச்சாலையில 90ல போனா அது 30 மீட்டரைத் தாண்டிடும். கார் முன்பக்கம் நசுங்கி அரை மீட்டருக்குள்ள நிக்குதுன்னு வைங்க, 50ல வந்த கார்ல மல்லியோட 17 கிலோ அந்த நொடியில 300 கிலோவுக்கு மேல இழுக்கும். ரெண்டு வரி தையலும் சாவிக் கொத்து கொக்கியும் அதைத் தாங்குமான்னு நீங்களே சொல்லுங்க. அது அறுந்தா நாய்க்கு மட்டும் இல்ல, முன்னாடி உக்காந்திருக்கறவங்க முதுகுக்கும் தலைக்கும் ஆபத்து.

அடுத்தது இந்த கிராஷ் டெஸ்ட் சமாச்சாரம். நம்ம ஊர்ல 1.35 மீட்டருக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு கார் சீட் சட்டம் இருக்கு, சீட்டும் அங்கீகரிச்ச தரத்துல இருக்கணும். நாய் ஹார்னஸ் நிறைய அமெரிக்காவுலேர்ந்துதான் வருது, அங்க அரசாங்கம் இதுக்குன்னு ஒரு தரமே வைக்கல, அதனால கம்பெனிக்காரங்களே எதையோ செஞ்சு பாத்துட்டு கிராஷ் டெஸ்ட் பண்ணதுன்னு போட்டுக்கலாம், எந்த வேகத்துல, எவ்ளோ எடை பொம்மையை வச்சு, டெஸ்ட்டுக்கு அப்பறம் பொம்மை சீட்ல இருந்துச்சா பறந்துச்சான்னு எதுவும் சொல்ல வேண்டியதில்ல. இந்தக் குழப்பத்தைத் தீக்கணும்னுதான் அங்க சென்டர் ஃபார் பெட் சேஃப்டின்னு லாபநோக்கம் இல்லாத அமைப்பு ஒண்ணு இருக்கு, 2013ல சுபாரு கார் கம்பெனி பணம் குடுக்க, கடையில விக்கிற ஹார்னஸ்களை வாங்கி, குழந்தை கார் சீட்டுக்கு வைக்கிற டெஸ்ட்டை அடிப்படையா வச்சு மணிக்கு 48 கிலோமீட்டர் வாக்குல மோத விட்டுப் பாத்தாங்க, நாய் மாதிரியே எடையும் உருவமும் உள்ள பொம்மைங்களை வச்சு. சிலது அறுந்து பொம்மை பறந்தே போச்சு. எல்லா டெஸ்ட்லயும் மூணு சைஸ் பொம்மையையும் சீட்லயே வச்சிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அது ஸ்லீப்பிபாட்டோட கிளிக்கிட் யுட்டிலிட்டி. டெரெய்ன் அதுக்கு அப்பறம் வந்தது, இதுக்கும் அதே அமைப்போட சான்றிதழ் இருக்கு. விக்கிற கம்பெனியைத் தவிர வெளியாள் ஒருத்தர் மோத விட்டுப் பாத்துட்டு சரின்னு சொல்லியிருக்காங்கல்ல, நான் காசு குடுத்தது அதுக்குத்தான்.

சரி, பொருள் எப்படி இருக்கு. பாக்க பெரிய பனியன் மாதிரி இருக்கும், நெஞ்சை மறைச்சு அகலமா பஞ்சு வச்ச ஒரு பகுதி, அதுக்கு மேல காருக்குள்ள இருக்கிற சீட் பெல்ட்டு ரகத்துலயே கெட்டியான பட்டை. அகலமா இருக்கறது அழகுக்கு இல்ல, இழுவை ஒரே இடத்துல விழாம நெஞ்சு முழுக்கப் பரவணும்கறதுக்கு. முதுகுப் பக்கம் ரெண்டு வளையம் இருக்கு, காரோட சீட் பெல்ட்டை இழுத்து அந்த ரெண்டுக்குள்ளயும் விட்டு பக்கிள்ல சொருகிடணும். அவ்ளோதான், நடுவுல டெதர்னு சொல்ற இணைப்புப் பட்டை கிடையாது, கொக்கி கிடையாது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதுதான், ஏன்னா டெதர் எவ்ளோ நீளமோ அவ்ளோ தூரம் நாய் முன்னாடி போய் முன் சீட்டோட முதுகுல மோதும், அதுக்கப்பறம்தான் டெதர் வேலையே செய்யும். முதுகோட ஒட்டி பெல்ட் போயிட்டா அந்தத் தூரம் இல்ல. இன்னொரு விஷயம், பக்கிள்ல சொருகற டெதர்ல நாய் சிவப்பு பட்டன் மேல கால வச்சு அமுக்கினா கழண்டுக்கும், இதுல பக்கிள் கழண்டாலும் பெல்ட் வளையத்துக்குள்ள ஓடிட்டு இருக்கறதால நாய் உடனே விடுபட்டு ஓடிட முடியாது.

அளவு விஷயத்துல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. எடையைப் பாத்து சைஸ் எடுக்காதீங்க, நெஞ்சுச் சுத்தளவை டேப் வச்சு அளந்து அவங்க அட்டவணையோட பாருங்க. நம்ம ஊர் ஸ்பெஷல்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி இருக்கும், பயந்துட்டா பின்னாடியே நகந்து தலையை உருவிக்கிட்டு ஹார்னஸ்லேர்ந்து வெளிய வந்துடுங்க, இந்த ரக நாய் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அதனால பட்டையை எல்லாம் இழுத்து, ரெண்டு விரல் உள்ள போற அளவுக்கு விட்டு, அதுக்கு மேல தொளதொளன்னு விடாதீங்க. முதல் தடவை சரி பண்ண பொறுமை வேணும். வீட்ல தரையில உக்காந்து, ஒரு கையில கோழி ஈரல் பிஸ்கட் வச்சுக்கிட்டு, பட்டையைக் கொஞ்சம் இழுக்கறது, ஒரு பிஸ்கட் குடுக்கறது, திரும்ப கொஞ்சம் இழுக்கறதுன்னு போனா நாய்க்கும் கோவம் வராது. ஒரு தடவை சரியா வச்சுட்டா அப்பறம் மாட்டற வேலை சுலபம், தலையை விட்டு பக்கவாட்டுல பூட்டினா முடிஞ்சது, ஆனாலும் முடி கொட்டுற சீசன்ல, எடை ஏறினா இறங்கினா, மறுபடி அளந்து பாத்துக்கணும்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்துல பிடிக்கல. "வாயில்லா ஜீவனைப் போயி இப்படிக் கட்டிப் போடுறீங்களே, என் மடியிலயே படுத்துக்கட்டும்டி"ன்னு ஒரே புலம்பல். நம்ம வீடுகள்ல எல்லா அம்மாவும் சொல்றதுதான், பாசத்துல சொல்றாங்க, தப்பு சொல்ல முடியாது. நான் மேல சொன்ன அந்த 300 கிலோ கணக்கை அம்மாகிட்ட சொன்னேன், தேக்கா மார்க்கெட்ல வாங்குற 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையை உங்க கையால பிடிக்க முடியுமா, அதுல பன்னெண்டு மூட்டை ஒண்ணா வந்து இழுத்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அதுக்கப்பறம் அம்மாவே ஏறினதும் பெல்ட்டை வளையத்துல விட்டு சொருகி ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறாங்க.

நாய்க்கு உண்மையிலயே கஷ்டமான்னா, உக்காரலாம், படுக்கலாம், ஆனா எழுந்து நடமாட முடியாது, இந்தப் பக்க ஜன்னல் அந்தப் பக்க ஜன்னல்னு ஓட முடியாது. பழகாத நாயை நேரா போட்டு பீஐஈ விரைவுச்சாலையில ஏத்தினா கத்தத்தான் செய்யும். வீட்ல போட்டு சாப்பாடு குடுங்க, அப்பறம் கார் பார்க்ல எஞ்சின் ஓடாம உக்கார வைங்க, அப்பறம் புளோக்கைச் சுத்தி ஒரு ரவுண்டு. மல்லி இப்ப ஏறினதும் ஒரு பெருமூச்சு விட்டு முன்னங்கால் மேல தாடையை வச்சுப் படுத்துக்கறா, திருப்பத்துல உடம்பு ஆடாம நிக்கறதால முன்ன மாதிரி வாந்தி எடுக்கறதும் குறைஞ்சிருக்கு. இது எல்லா நாய்க்கும் நடக்கும்னு சொல்ல மாட்டேன், எங்க வீட்ல நடந்தது.

சூடுதான் யோசிக்க வேண்டியது. பஞ்சு வச்ச அகலமான ஹார்னஸ் எதுவா இருந்தாலும் நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கனமாதான் இருக்கும், அதனால நாங்க முதல்ல ஏர்கானைப் போட்டு கார் குளுந்த பிறகுதான் ஏத்துவோம், எறங்கினதும் நடைக்குன்னு வச்சிருக்கிற லேசான ஹார்னஸை மாட்டிட்டு இதைக் கழட்டிடுவோம். தினம் நடைக்குப் போட்டு புல்லுலயும் மணல்லயும் உரசி தையலைத் தேய்க்கவும் எனக்கு இஷ்டமில்ல. கடல்ல குளிச்சுட்டு வந்தா நல்லா துடைச்ச பிறகு போடுங்க, உப்புத்தண்ணி பட்ட பட்டையை அப்படியே மடிச்சு வைக்காதீங்க.

எங்க உக்கார வைக்கறது? பின் சீட் மட்டும்தான். முன் சீட்ல ஏர்பேக் வெடிச்சா பெரிய ஆளையே அடிச்சுத் தள்ளும், நாய்க்கு அது நேரா முகத்துல வரும். எறங்கறப்ப இன்னொண்ணு, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி லீஷை மாட்டிட்டு அப்பறம் பெல்ட்டைக் கழட்டுங்க, மல்டி ஸ்டோரி கார் பார்க்ல கதவு திறந்ததும் பாஞ்சு ரேம்ப்ல ஓடின நாய்ங்க கதை நிறைய கேட்டிருக்கேன். விரைவுச்சாலையில சின்ன இடிதான்னாலும் பதட்டத்துல யாராவது கதவைத் திறந்துட்டா கட்டாத நாய் நேரா ரோட்டுலதான் போயி நிக்கும், அதுக்காகவே கட்டணும்.

கிராப்பெட் எடுக்கறவங்களுக்கும் இது தோதா இருக்கு, காரோட சொந்த பெல்ட்டே போதும்கறதால எந்தக் கார்லயும் ஒண்ணும் பொருத்த வேண்டியதில்ல, டிரைவர் அங்கிள்கிட்ட ஏறும்போதே "அங்கிள், ஒரு நிமிஷம், நாய்க்கு பெல்ட் போட்டுக்கறேன்"னு சொல்லிட்டா சந்தோஷமா காத்திருப்பாங்க, அவங்க சீட்டும் கெடாம இருக்கும்ல. நம்ம ஊர்ல 2023 அக்டோபர்ல பெரிய கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ உரிமச் சான்றிதழே 150,001 வெள்ளி வரைக்கும் போச்சு, எத்தனை பேர் சொந்தக் கார் வச்சிருக்கப் போறோம், கையோட எடுத்துட்டுப் போற சாமான்தான் நமக்கு சரி.

ஷீட்சு, பூடில் மாதிரி சின்ன நாய் வச்சிருக்கறவங்க, நாயை உள்ள வச்சு எடுத்துட்டுப் போற கேரியர் பக்கமும் பாருங்க, அதுலயும் அதே அமைப்போட சான்றிதழ் வாங்கினது இருக்கு. சான்றிதழ் இல்லாத துணிக் கேரியரை சீட்ல வச்சு குறுக்க சீட் பெல்ட் போட்டா மோதல்ல அந்த பெல்ட்டே கேரியரை நசுக்கிடும், அதுக்கு முன் சீட்டுக்குப் பின்னாடி தரையில இறுக்கமா வைக்கறது மேல்.

கடைசியா, பழைய சாமான் விக்கிற கேரோசெல் ஆப்ல பாதி விலைக்கு வருதுன்னு பழசை வாங்காதீங்க. மோதல்ல ஒரு தடவை இழுபட்ட பட்டை வெளிய பாக்க புதுசு மாதிரியேதான் இருக்கும், உள்ள நூல் எவ்ளோ அறுந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. உங்க கார் எதுலயாவது இடிச்சா உங்க சொந்த ஹார்னஸையும் வெட்டிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, வெட்டாம குப்பையில போட்டா யாராவது எடுத்து அவங்க நாய்க்குப் போட்டுடுவாங்க.