ரூ பஜோலில் காசில்லாமல் இருக்க ஓரிடம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பாரிசில் எங்கட பிள்ளையார் கோயிலுக்குப் போனால், கும்பிட்டு முடிந்ததும் நேரே லாச்சப்பல் மெற்றோவுக்கு இறங்கமாட்டேன். மற்றப் பக்கமாக ஐந்து நிமிடம் நடப்பேன். கோயில் ரூ பஜோல் என்ற தெருவில் 17ஆம் இலக்கம். அதே தெருவில், கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துத் தண்டவாளங்களை ஒட்டி, வாள்பல் கூரையோடு நீளமாகக் கிடக்கிறது ஆல் பஜோல் என்ற கட்டடம். அதற்குள்தான் வாட்ஸ்லாவ் ஹாவெல் நூலகம். நெற்றியில் விபூதி, கையில் வடைப் பொதி. இப்படியே போய் இருந்திருக்கிறேன். ஏன் வந்தாய் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் இந்தப் பக்கம் குடிவந்தபோது இது பாழடைந்த ரயில் பார்சல் கொட்டில். 1920களில் கட்டியது. 90களில் வேலை நின்றுபோய், இரும்புத் தூணும் உடைந்த கண்ணாடியும் புறாவும்தான் மிச்சம். எங்கள் மேல்மாடியில் இருந்த பிரெஞ்சு மதாம் ஒருநாள் ஒரு தாளோடு வந்து கதவைத் தட்டினா. இதை இடிக்க விடக்கூடாது, நகரசபை இதை இந்தப் பக்கத்து ஆக்களுக்குத் தரவேணும், பிள்ளையளுக்கு நூலகமும் தோட்டமும் வேணும் என்று கைகாட்டிக் கைகாட்டி விளங்கப்படுத்தினா. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அகதி வழக்கு முடியாத காலம். எந்தக் காகிதத்தில் பேர் ஏறினாலும் வதிவிட காட் கிடைக்காது என்ற பயம். கோப்பை கழுவுகிறவனுக்கு நூலகம் எதற்கு என்ற நினைப்பும் இருந்தது, மறைப்பானேன்.

மதாம் போன்றவர்கள் விடவில்லை. அக்கம்பக்கத்துச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, கூட்டம் வைத்து, வருடக்கணக்கில் நகரசபையோடு மல்லுக்கட்டினார்கள். 2013இல் திறந்தபோதுதான் நான் முதன்முதலாக உள்ளே கால்வைத்தேன். கட்டடக்கலைஞர் பிரான்சுவாஸ் எலென் ஜூர்தா பழைய இரும்பு எலும்புக்கூட்டை அப்படியே நிற்கவைத்து, அதன் கீழே மரத்தால் புதுக்கட்டடம் எழுப்பியிருக்கிறார். கூரைச் சரிவில் ஏறக்குறைய 3,500 சதுரமீற்றருக்குச் சூரியத்தகடு. நூலகத்தோடு 330 கட்டில் உள்ள இளைஞர் விடுதியும் இருக்கிறது. கூரையின் ஒரு பகுதிக்குக் கீழே எதுவும் கட்டாமல் ரோசா லுக்செம்பூர்க் தோட்டம். மழை பெய்தாலும் நனையாமல் செடி பார்க்கலாம். எனக்கு இந்தத் தோட்டம்தான் முழுக்கட்டடத்திலும் முதலிடம்.

நூலகம் அமைதியான இடம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வீடியோ விளையாட்டு இருக்கிறது, பெடியள் கூடி நின்று கத்துவார்கள். முதல்நாள் எனக்கு எரிச்சல்தான். பிறகு யோசித்தேன்: இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற பிள்ளை வேறெங்கே போய்க் கத்தும்? என் மகள் பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையான பாக்குக்குப் படித்ததும் அந்தச் சத்தத்துக்குள்தான். "அப்பா, வீட்டில நீங்கள் போடுற செய்தியைவிட இது பரவாயில்லை" என்றாள். அவளுக்கு உறுப்பினர் காட் எடுத்த அன்று பெற்றோர் கையெழுத்து கேட்டார்கள். பேனையை வாங்கி உடனே போட்டேன்.

2015 ஜூனில் லாச்சப்பல் மெற்றோப் பாலத்துக்குக் கீழே கூடாரம் அடித்திருந்த அகதிகளைப் பொலிஸ் எழுப்பியது. சூடான், எரித்திரியாப் பெடியள் பலர். கொஞ்சப்பேர் ரூ பஜோலுக்கு வந்து படுத்தார்கள், அங்கிருந்தும் எழுப்பினார்கள். நூலகத்தில் இவர்களுக்குப் பிரெஞ்சு பேசிப்பழக இடம் கொடுத்தார்கள். நான் வந்த காலத்தில் பிரெஞ்சு படித்தது சமையலறையில், அதுவும் ஏச்சு வார்த்தைகளில் தொடங்கி.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நூலக காட் இலவசம், அதைக்கொண்டு பாரிசின் மற்ற நகரசபை நூலகங்களிலும் புத்தகம் எடுக்கலாம். திங்களில் பெரும்பாலும் பூட்டு; நேரம் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். வெளிமுற்றத்தில் குளிர்காலக் காற்று காதை அறுக்கும், தொப்பி அவசியம். கோப்பிக்கு அங்கே சுற்றித் தேடாதீர்கள். பக்கத்தில் ஒரு கடையில் விரல்நுனி அளவு கோப்பிக்கு வாங்கின காசில் எங்கட கடையில் இரண்டு ரோல்சும் பிளேன்டீயும் வந்திருக்கும். பொதி கட்டிக்கொண்டு போய்த் தோட்டத்து வாங்கில் இருந்து சாப்பிடுங்கள்.

கோடை முடிவில் பிள்ளையார் தேர் நாளன்று மட்டும் புத்தகம் எடுக்கிற எண்ணத்தோடு வராதீர்கள். தெருவெல்லாம் உடைத்த தேங்காயாகக் கிடக்கும்.