பொங்கோலா, மரினாவா: நாலு சைக்கிள், ஒரு ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் தண்ணீர் ஓரமாக ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டலாம் என்று பேச்செடுத்தாலே எங்கள் நாலு பேருக்குள் இரண்டு கட்சி வந்துவிடும். ஒரு கட்சி மரினா பே. இன்னொன்று பொங்கோல். இரண்டுமே புதிதாக உருவாக்கிய நீர்முகப் பகுதிகள். இரண்டுக்கும் பல தடவை போய் வந்துவிட்டோம். நான் பொங்கோல் கட்சி. மரினாவை விரும்புகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மரினாவில் எனக்குப் பிடித்த வழி, காலாங்கில் விளையாட்டு அரங்கின் பக்கம் தொடங்கி, தஞ்சோங் ரூ, மரினா அணைக்கட்டு, கரையோரப் பூந்தோட்டங்கள், மரினா பே சாண்ட்ஸ், ஹீலிக்ஸ் பாலம், எஸ்பிளனேட் என்று விரிகுடாவைச் சுற்றி மீண்டும் காலாங்குக்கே வந்து சேர்வது. 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். தஞ்சோங் ரூவிலிருந்து அணைக்கட்டுவரை உள்ள தூரம்தான் இதில் உயிர். ஒரு பக்கம் புல்வெளி, மறு பக்கம் தண்ணீர், அதற்கு அப்பால் நகரத்தின் கோபுரங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். காலை 7 மணி வெயிலில் அதைப் பார்த்தபடி ஓட்டுவதற்கு ஈடாக இந்த ஊரில் வேறு காட்சி இல்லை. அந்தப் பக்கம் நிறுவனர் நினைவகக் கட்டுமானம் நடப்பதால் சில இடங்களில் பாதை மாறியிருக்கும். பலகைகளைப் பார்த்து ஓட்டுங்கள்.

அணைக்கட்டில் கட்டாயம் இறங்குங்கள். 2008-இல் திறந்தார்கள். மரினா கால்வாயின் வாயை 350 மீட்டர் அகலத்துக்கு அடைத்து, 9 மதகுகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை வருகிற மழை மெல்ல மெல்ல வெளியேற்ற, ஓரிரு ஆண்டுகளில் விரிகுடா முழுவதும் நன்னீர் ஏரியாகிவிட்டது. பெருமழை கொட்டும்போது கடல் வற்றியிருந்தால் மதகைத் தாழ்த்தித் தண்ணீரை வெளியே விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் 7 ராட்சத பம்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. முதல் தடவை வந்தபோது எங்களில் ராமநாதபுரத்துக்காரன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "அண்ணே, இந்தப் பக்கம் குடிதண்ணி, அந்தப் பக்கம் கடலா?" என்று இரண்டு தடவை கேட்டான். குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு அந்தச் சுவர் என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கும் புரிந்தது. மேலே கூரை முழுக்கப் புல்தரை. மாலையில் குழந்தைகள் பட்டம் விடுவார்கள். அங்கே உட்கார்ந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டதெல்லாம் மறக்க முடியாதது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பூந்தோட்டத்தைத் தாண்டி சாண்ட்ஸ் பக்கம் வந்ததும் கூட்டம் நம்மை விழுங்கிவிடும். தள்ளுவண்டியில் குழந்தை, படம் எடுக்க நடுப்பாதையில் நிற்கும் குடும்பம், ஓட்டப் பயிற்சி செய்பவர்கள். ஹீலிக்ஸ் பாலம் 280 மீட்டர், மரபணு இழைபோல முறுக்கிய அழகான எஃகு வேலைப்பாடு. ஆனால் அதைச் சைக்கிளில் கடக்க முடியாது, இறங்கித் தள்ள வேண்டும். அது சரியான விதிதான். நடப்பவர்களின் இடம் அது. இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து வந்தால் என்ன ஆகிறது? ஒருவன் முன்னால் போய்விடுவான், ஒருவன் பின்னால் மாட்டிக்கொள்வான். எஸ்பிளனேட் வரும்போது நாலு பேரும் நாலு இடத்தில் இருப்போம். பேச்சு அறுந்துபோகும். சேர்ந்து வந்தும் தனித்தனியாக ஓட்டியதுபோல் ஆகிவிடும்.

பொங்கோலில் இது நேர்மாறு. லிட்டில் இந்தியாவிலேயே இட்லி, காப்பி முடித்துக்கொண்டு வடக்கு கிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மாறாமல் பொங்கோல் போய்விடலாம். மடிக்கும் சைக்கிள் என்றால் மடித்தபடியே ரயிலில் கொண்டுபோகலாம், 120-க்கு 70-க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் போதும். மற்றவர்களுக்கு நிலையத்தின் வெளியே எனிவீல், ஹலோரைட் வாடகைச் சைக்கிள்கள் கிடைக்கும். நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியைக் கடந்தால் அப்படியே நீர்வழியின் கரைதான்.

அந்த நீர்வழி இயற்கையாக ஓடுவது என்று முதலில் நினைத்திருந்தேன். மனிதர் வெட்டியது. 4.2 கிலோமீட்டர் நீளம், 2011-இல் திறந்தார்கள். பொங்கோல், சிராங்கூன் ஆறுகளின் முகத்துவாரங்களை அடைத்து இரண்டு நீர்த்தேக்கங்கள் ஆக்கி, அவற்றை இணைக்க இதை வெட்டினார்கள். மரினா நாட்டின் 15-ஆவது நீர்த்தேக்கம் என்றால் இவை 16, 17. ஆக, ராமநாதபுரத்துக்காரனின் வியப்புக்கு இங்கேயும் குறைவில்லை. வித்தியாசம் என்னவென்றால், மரினாவில் கரையில் இருப்பவை விடுதிகள், வங்கிகள், அரங்குகள். இங்கே அரசின் வீவக அடுக்குமாடி வீடுகள். மாடியில் துணி காயும், கீழே யாராவது தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள், பாட்டி ஒருவர் பேரனைச் சின்னச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். அந்த வாழ்க்கைக்கு நடுவே நாமும் மெதுவாகப் போகிறோம். எனக்கு இதுதான் ஊர் சுற்றுவது.

நீர்வழியிலிருந்து வடக்கே பழைய பொங்கோல் சாலை பிரிகிறது. அதன் ஒரு பகுதியில் இப்போது வாகனம் கிடையாது. மரங்கள் கவிந்த பழைய சாலை, பழைய பேருந்து நிறுத்தம்கூட அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் நாங்கள் அதிகம் பேசுவோம். ஆள் நடமாட்டம் இல்லாதபோது இருவர் இருவராக ஓட்டலாம், எதிரே ஆள் தெரிந்தால் இடப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். அடுக்குமாடிகளுக்கு முன்னால் இங்கே கம்பங்கள் எனப்படும் கிராமங்கள், கோழிப் பண்ணைகள், பன்றிப் பண்ணைகள் இருந்தன. 1990 வாக்கில் கடைசிப் பன்றிப் பண்ணைகளும் மூடப்பட்டன. 1996-இல் 'பொங்கோல் 21' என்று புதுநகரத் திட்டம் அறிவித்தார்கள், மறு ஆண்டே ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்து வேலை தொய்ந்தது, 2007-இல்தான் மறுபடி வேகம் பிடித்தது. ரயில் 2003-லேயே வந்துவிட்டது, வீடுகள் மெல்ல வந்தன.

சாலை முடிவில் பொங்கோல் முனை. எதிரே புலாவ் உபின் தீவு, அப்பால் ஜோகூர். கடற்கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1942 பிப்ரவரி இறுதியில் ஜப்பானியப் படை நூற்றுக்கணக்கான சீனர்களை இந்தக் கரையில் நிறுத்திச் சுட்டது. அந்தக் கல் முன்னால் சைக்கிளை நிறுத்தி இறங்கிய நாளில் யாரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மரினா வழியிலும் அதே போரின் இன்னொரு சுவடு உண்டு, தமிழர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடம். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். இரண்டே மாதத்தில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதைத் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1995-இல் வைத்த அடையாளக் கல். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தவர்கள். மரினா கட்சிக்கு நான் முழு மனதோடு கொடுக்கும் மதிப்பெண் இது.

முனையிலிருந்து கிழக்கே கடற்கரைப் பாதையில் போனால் கோனி தீவு. 2015-இல் பூங்காவாகத் திறந்தது. காலை 7 முதல் மாலை 7 வரைதான் அனுமதி. போகும் முன் இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றனவா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளே தார்ச்சாலை கிடையாது, சரளைக்கல் பாதை. இரு பக்கமும் சவுக்கு. காற்று வந்தால் சவுக்குத் தோப்பில் ஒரு இரைச்சல் எழும். நம் கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அதைக் கேட்டதும் வயிற்றில் ஏதோ செய்யும். இத்தனை தூரம் வந்து, கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே வேலை பார்த்து, ஒரு ஞாயிறு காலையில் அந்த ஓசை காதில் விழுந்ததும் நாலு பேருமே மிதிப்பதை நிறுத்திவிட்டோம்.

கஷ்டமும் இங்கேதான் அதிகம். மணல் ஈ கடிக்கும், முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் வேண்டும். கடை இல்லை, தண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த சைக்கிளின் சங்கிலி தீவின் நட்டநடுவில் கழன்றது. இணைப்பே தேய்ந்திருந்தது, மாட்ட மாட்ட நழுவியது. வெளியே வரும்வரை அந்த வண்டியை மாற்றி மாற்றித் தள்ளினோம். மரினாவில் இப்படி ஆனால் பக்கத்திலேயே ரயில் நிலையம் இருக்கும், வண்டியை விட்டுவிட்டுப் போகலாம். அதனால் பொங்கோலுக்கு வாடகை வண்டி எடுப்பவர்கள் சங்கிலியையும் பிரேக்கையும் கடையிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தீவின் கிழக்கு வாசலுக்கு அப்பால் லோரோங் ஹாலுஸ் வருகிறது. ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய இடம், 1999-வரை. இன்று ஈரநிலப் பூங்கா, நாணலும் பறவையுமாக. சிவப்புப் பாலம் ஒன்றைத் தாண்டினால் மறுபடி நீர்வழி. மொத்தச் சுற்றும் 10 முதல் 12 கிலோமீட்டர். இன்னும் தெம்பு இருந்தால் செங்காங், ஹவ்காங் என்று நீளும் 26 கிலோமீட்டர் வடகிழக்கு ஆற்றோர வளையத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

சாப்பாட்டில் மரினாதான் முன்னால். லாவ் பா சாட் என்னும் பழைய உணவங்காடியின் பக்கத்தில், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே விற்கும் கடைகள், இருட்டியபின் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சுகம். பொங்கோலில் 2022-இல் திறந்த ஒன் பொங்கோல் உணவங்காடி நிலையம் போதுமானது, அவ்வளவுதான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 15 கிலோமீட்டர் அருமையான கடற்கரைப் பாதைதான். ஆனால் அது பூங்கா, சுற்றிப் பார்க்க ஒரு பேட்டை அங்கே இல்லை.

விதிகள் இரண்டு இடத்துக்கும் ஒன்றே. சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை இருந்தால், 2025 ஜூலை முதல் அதில் ஓட்டக்கூடாது. வாடகைச் சைக்கிளைக் குறியிட்ட இடத்தில் நிறுத்தி, குறியீட்டை ஸ்கேன் செய்யாமல் போனால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடித்துவிடுவார்கள்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள், ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் மரினாவுக்கே கூட்டிப் போங்கள், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு. 7.45-க்குக் கரையோரப் பூந்தோட்டங்களின் பெருமரத் தோப்பில் விளக்கும் இசையும் தொடங்கும், கட்டணம் இல்லை. நண்பர்களோடு ஒரு முழு ஞாயிறு கையில் இருந்தால் பொங்கோல். அடுத்த வாரமும் அதுதான் முடிவாகியிருக்கிறது. காலை 6.30-க்கு லிட்டில் இந்தியா நிலையத்தில் சந்திக்கிறோம், சங்கிலி மாட்டும் கருவியை ராமநாதபுரத்துக்காரன் கொண்டுவருகிறான்.